பன்னிரண்டு பித்தளைக் கைகள்

டாங்கி என்றதும் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது நீட்டிக்கொண்டிருக்கும் பீரங்கிக் குழாய்தான். குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்கும் குழந்தைகளும் அதைத்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். அத்தனை டன் இரும்பையும் மேடு பள்ளத்தில் சுமந்துகொண்டு ஓடும் சக்கரங்களை யாரும் கவனிப்பதில்லை. அந்தச் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்ற கேள்விக்கோ இடமே இல்லை.

கொல்லிமலை பைல் நாட்டில் ஒரு பெரியவருக்கு அந்தக் கேள்விதான் வாழ்க்கை.

மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவர் வீடு. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், ஒரு பழைய பள்ளிக்கூட மேஜை மேல், அரை மீட்டர் நீளத்தில் ஒரு டாங்கி உருவாகிக்கொண்டிருக்கிறது. ரிமோட்டில் ஓடும் டாங்கி. பெயர் விஜயந்தா. பெட்டியில் வாங்கி ஒட்டியது அல்ல. மோட்டார், பேட்டரி, ரேடியோ கருவி, இரும்பு ட்ராக் ஆகியவை மட்டும்தான் கடையில் வாங்கியவை. மற்றதெல்லாம் அறுத்து, ராவி, துளையிட்டு, கையால் செய்தது.

எழுபது வயதில் ஒருவர் பொம்மை டாங்கி செய்வானேன்? அதற்கு ஆவடி வரை போய்வர வேண்டும்.

வேலிக்கு உள்ளே ஒரு வேலை

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த கையோடு மலையிலிருந்து இறங்கியவர் அவர். 1977-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அப்போது அங்கே உருவாகிக்கொண்டிருந்தது விஜயந்தா.

இந்தியாவில் உற்பத்தியான முதல் போர் டாங்கி அது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. 1961-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. முதல் தொகுதி பிரிட்டனிலேயே தயாராகி வந்தது. 1965-ல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. சுமார் 39 டன் எடை. 105 மில்லிமீட்டர் பீரங்கி. உள்ளே நான்கு பேர். 1971 போரில் களம் கண்டது. 1980-களின் தொடக்கம் வரை உற்பத்தி நடந்தது. பிறகு அதே தொழிற்சாலையில் ரஷ்ய வடிவமைப்பான டி-72, ‘அஜேயா’ என்ற பெயரில் தயாராகத் தொடங்கியது. விஜயந்தா படிப்படியாகப் படையிலிருந்து ஓய்வு பெற்றது.

இந்த வரலாற்றில் நம் பெரியவரின் இடம் ஒரு முழம் அகலம்தான். சக்கரக் கைகளைச் சோதித்துப் பொருத்தும் பிரிவு அவருடையது. விஜயந்தாவுக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரமும் ஓர் உலோகக் கையின் நுனியில் மாட்டியிருக்கும். கையின் மறுமுனை டாங்கியின் அடிவயிற்றில் குறுக்காகப் படுத்திருக்கும் ‘டார்ஷன் பார்’ எனும் எஃகுத் தண்டோடு சேரும். சக்கரம் கல்லில் ஏறினால் கை மேலே எழும், தண்டு முறுக்கிக்கொள்ளும். கல்லைத் தாண்டியதும் முறுக்கு விடுபட்டு, சக்கரத்தைத் தரையில் வைத்து அழுத்தும். ஈரத் துணியைப் பிழியும்போது கையில் ஓர் எதிர்ப்பு தெரியுமே, அதுதான் தத்துவம்.

பாதுகாப்புத் தொழிற்சாலை என்பதால் படம் எடுக்கக் கூடாது. வரைபடத்தை வெளியே கொண்டுவரக் கூடாது. வேலையைப் பற்றி வீட்டில் பேசவும் கூடாது. 2015-ல் ஓய்வு பெற்றபோது அவர் கையில் இருந்தவை ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு சால்வை, ஒரு குழுப் புகைப்படம். தான் என்ன செய்தோம் என்று காட்ட ஒன்றும் இல்லை.

அந்தக் குறையைக் கிளறிவிட்டவன் பேரன். செல்போனில் விஜயந்தாவின் படம் ஒன்றைத் தேடியெடுத்துக்கொண்டு வந்து கேட்டான். “தாத்தா, இதுல நீங்க செஞ்சது எதுங்க?”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சக்கரம் தெரிந்தது. அதன் பின்னால் இருக்கும் கை தெரியவில்லை. எந்தக் கோணத்தில் எடுத்த படத்திலும் தெரியவில்லை.

“சக்கரத்துக்குப் பின்னால இருக்குது சாமி” என்றார். பேரன் ‘சரிங்க’ என்று போய்விட்டான். அவரால் அப்படி விட முடியவில்லை.

பதினாறில் ஒரு பங்கு

அசலில் பதினாறில் ஒரு பங்கு என்று அளவை முடிவு செய்தார். ரிமோட் டாங்கி பிரியர்கள் உலகம் முழுவதும் விரும்பும் அளவு இது. கணக்கு எளிது, எந்த அளவையும் 16-ஆல் வகுக்க வேண்டியதுதான். கிட்டத்தட்ட 8 மீட்டர் நீள உடல், அரை மீட்டர் ஆகும். 3.17 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆகும். 105 மில்லிமீட்டர் பீரங்கி வாய் ஆறரை மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆள் விரலைவிடப் பருமனான ஒரு போல்ட்டின் தலை, கடுகு அளவுக்கு வந்துவிடும்.

எடை மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 16 மடங்கு குறைவதால், எடை 16 × 16 × 16, அதாவது 4,096 மடங்கு குறைய வேண்டும். 39 டன்னை அப்படி வகுத்தால் ஒன்பதரை கிலோ. அவருடைய மாதிரி நாலரை கிலோதான் வந்தது. பேரனுக்கு இந்தக் கணக்கு புரிந்த அன்றுதான், எறும்பு தன் எடையைவிடப் பல மடங்கு தூக்குவதும் எதனால் என்று புரிந்தது. உருவம் சிறுத்தால் எடை குறையும் வேகத்துக்கு வலிமை குறைவதில்லை.

‘எதற்கு இவ்வளவு பாடு, கடையில் கிட் கிடைக்காதா?’ என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டைகரும் அமெரிக்க ஷெர்மனும் ரிமோட்டோடு பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். ஆவடி டாங்கிக்கு அந்த யோகம் இல்லை.

இந்தப் பொழுதுபோக்கின் சரித்திரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த ஒரு பேந்தர் டாங்கி மாதிரியை வெளியிட்டது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அளவைத் தேர்ந்தெடுத்தார்களாம். பிற்பாடு அளந்து பார்த்தால் அசலில் 35-ல் ஒரு பங்கு. இன்று உலகம் முழுக்க ராணுவ மாதிரிகளின் பொது அளவாக இருக்கும் 1/35 பிறந்த கதை இதுதான் என்று அந்த நிறுவனத்தின் ஷுன்சாகு தமியாவே எழுதியிருக்கிறார். பெரிய தரமெல்லாம் சில சமயம் பேட்டரி சைஸில்தான் பிறக்கிறது.

அளவெடுக்க அசல் வேண்டுமே? மகாராஷ்டிராவின் அகமத்நகரில் ராணுவத்தின் டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரின் இப்போதைய பெயர் அகில்யாநகர். ஷீரடிக்குப் போவதாக மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பியவர், வழியில் அங்கே இறங்கிவிட்டார். விஜயந்தாவின் முன்னால் போய் நின்றவர், குனிந்து சக்கரத்தின் பின்னால் பார்த்தார். அம்மாவுக்கு அன்று சாயிபாபா தரிசனம் தள்ளிப்போனதில் இன்றும் வருத்தம் உண்டு.

காயலான் கடைப் புதையல்

நாமக்கல், லாரிகளுக்கு பாடி கட்டும் ஊர். அங்கே பட்டறையில் வெட்டிப்போடும் அலுமினியத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். டாங்கியின் அடிப்பகுதி அப்படி வந்தது. மேல்பகுதிக்கு விளம்பரப் பலகை செய்பவர்களிடம் மிஞ்சும் பி.வி.சி. ஃபோம் ஷீட். கத்தியால் கீறினால் வெட்டுப்படும். உப்புத்தாளில் தேய்த்தால் வழவழப்பாகும்.

மற்ற பாகங்களின் பிறந்த வீடுகளைக் கேட்டால் சிரிப்பு வரும். பீரங்கிக் குழாய், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஆன்டெனா. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அதன் குழாய்கள் மெல்லியதிலிருந்து பருமன் வரை எல்லா அளவிலும் கிடைக்கும். புகைக்குண்டு வீசும் குழாய்களும் அதிலிருந்தே வந்தன. பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் இரும்புக் கயிறு, சைக்கிள் பிரேக் கேபிள். உள்ளிருப்பவர் வெளியே பார்க்கும் பெரிஸ்கோப் கண்ணாடி, சி.டி. டப்பாவின் மூடி.

போல்ட் தலைகளுக்கு ஒரு யுக்தி. மிகச் சிறிய அலன் கீ ஒன்றின் நுனியைத் தேய்த்துச் சமமாக்கி, மெல்லிய அலுமினியத் தகட்டில் வைத்து ஒரு தட்டு. ஆறு மூலையோடு ஒரு புள்ளி மறுபக்கம் புடைத்து வரும். வெல்டிங் தழும்புக்கு எம்-சீல். பிசைந்து நூல் போல உருட்டி, மூட்டில் பதித்து, ஈரமான கத்தி நுனியால் வரிசையாகக் கீற வேண்டும். இடுக்கு விழுந்தால் சமையல் சோடாவைத் தூவி ஃபெவிக்விக் ஒரு சொட்டு, நொடியில் கல்லாகிவிடும். அந்த நொடி வரும் புகை கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்பது அனுபவப் பாடம்.

“ஏனுங்க, சோடா டப்பா எங்கைங்க?” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்போதெல்லாம் கொட்டகையில் ஒரு மௌனம் நிலவும்.

முறுக்குத் தண்டுக்கு என்ன செய்வது என்று பல நாள் யோசித்தார். விடை சைக்கிள் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்போக்ஸ் கம்பி! இரண்டு மில்லிமீட்டர் எஃகு. ஒரு முனை ஏற்கெனவே வளைந்திருக்கும். அதை எதிர்ப்பக்கச் சுவரில் செருகிவிட்டால் திரும்பாது. மறுமுனையில் கையைப் பொருத்தினால் அசல் டாங்கி போலவே முறுக்கிக்கொள்ளும். நாலரை கிலோவைப் பன்னிரண்டு கம்பிகள் பகிர்ந்து சுமக்கும்போது, ஒவ்வொரு கம்பியும் சற்றே முறுக்கிக்கொண்டு நிற்கும். கம்பிகள் குறுக்காக அடுத்தடுத்துப் படுப்பதால் இடப்பக்கச் சக்கரங்களும் வலப்பக்கச் சக்கரங்களும் நேருக்கு நேர் வராது. சற்றே முன்பின்னாக அமையும். டார்ஷன் பார் வைத்த பல நிஜ டாங்கிகளிலும் இந்த ஒழுங்கின்மை உண்டு.

பேரன் சொன்ன சுலப வழி

இனி மிச்சம் பன்னிரண்டு கைகள். அவற்றுக்காகத்தானே இத்தனையும்!

பேரன் அதற்குள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். அங்கே முப்பரிமாண பிரிண்டர் இருக்கிறது. “ஒரு கையோட அளவு குடுங்க தாத்தா, பன்னிரண்டையும் ஒரே ராத்திரியில அடிச்சுக் கொண்டாந்தர்றேன்” என்றான்.

பெரியவர் பிடிவாதக்காரர் அல்ல. முகப்பு விளக்கின் கூடு, பெரிஸ்கோப்பின் மூடி என்று சிலவற்றை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். நன்றாகவே இருந்தன. கைகளுக்கு மட்டும் ஒப்பவில்லை. அவர் சொன்ன காரணம் தொழில்நுட்பம்: அச்சடித்த பிளாஸ்டிக் அடுக்கடுக்காக ஒட்டியது, திரும்பத் திரும்ப முறுக்கினால் அடுக்கு பிரியும். அது உண்மைதான். சொல்லாத காரணம் பேரனுக்கும் தெரிந்திருந்தது.

ஆறு மில்லிமீட்டர் பித்தளைப் பட்டையில் வேலை தொடங்கியது. முதலில் ஒரு ‘ஜிக்’. எல்லாத் துண்டிலும் ஒரே தூரத்தில் துளை விழ உதவும் எஃகு அச்சு அது. இரண்டு துளைகளுக்கும் நடுவே 22 மில்லிமீட்டர். அதில் தவறினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். முதலில் துளை, பிறகுதான் வடிவம். ராவி முடித்த பின் துளையிட்டு, அது கோணலாகப் போனால் அவ்வளவு உழைப்பும் குப்பைக்குத்தான்.

ஒரு கைக்கு இரண்டு நாள் பிடித்தது. ஏழு கைகள் ஒழுங்காக முடிந்தன.

எட்டாவதில் அரம் வழுக்கியது. அடுத்த நாளும் வழுக்கியது. வலது கையில் மெல்லிய நடுக்கம் சில மாதமாகவே இருந்தது. டம்ளரைத் தூக்கும்போது காபி தளும்பும்; மடியில் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் இருக்காது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் போடத் தாமதமானதை மனைவிதான் கவனித்தார்.

நாமக்கல்லில் ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்தார். காகிதத்தில் சுருள் ஒன்றை வரையச் சொன்னார். கோடு அலையலையாக வந்தது. பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்வாக இருக்கும்போது வரும். வேலை செய்யும்போது வரும் இந்த நடுக்கம் வேறு வகை, முதுமையில் பலருக்கும் வருவது, உயிருக்கு ஆபத்தில்லை என்று விளக்கினார். மாத்திரையில் ஓரளவு குறையும்; முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீடு வரும்வரை பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உயிருக்கு ஆபத்தில்லைதான். ஆனால் ஒரு ஃபிட்டருக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. ஆடி வந்தது, வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேட்டில் கூட்டம் கூடியது, கலைந்தது. டாங்கி ஒரு பக்கம் ஆறு கைகளோடும், மறுபக்கம் ஒற்றைக் கையோடும் துணி மூடிக் கிடந்தது.

அரம் பிடிக்கும் விதம்

விடுமுறைக்கு வந்த பேரன் சாவியைக் கேட்கவில்லை. பாட்டியிடம் வாங்கிக்கொண்டான். எட்டாவது துண்டை வைஸில் மாட்டி ராவ ஆரம்பித்தான். சத்தம் கேட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்தார். சகிக்க முடியாத சத்தம். போகும்போதும் வரும்போதும் அழுத்தி, அரத்தைக் கொன்றுகொண்டிருந்தான்.

“முன்னால போறப்போதான் அரம் வெட்டும். வர்றப்போ தூக்கிக்கணும்.”

“எப்படிங்க தாத்தா?”

பெரியவர் பின்னால் நின்று, அவன் கை மேல் தன் கையை வைத்தார். நடுக்கம் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு கையும் சேர்ந்து அழுத்தியபோது அது குறைந்ததும் தெரிந்தது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

அரத்தின் பல்லில் பித்தளைத் தூள் அடைக்காமல் இருக்க சாக்பீஸ் தேய்ப்பது, உடம்பின் எடையை முழங்கையிலிருந்து கொடுப்பது, பத்து இழுப்புக்கு ஒரு முறை வெர்னியரில் அளப்பது, கடைசி முடி அளவு மிச்சத்தை அரத்தில் எடுக்காமல் உப்புத்தாளுக்கு விடுவது. ஆவடியில் தனக்கு மூத்த ஃபிட்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். முப்பத்தெட்டு வருட வேலையில் இவற்றை வீட்டில் பேசியது அதுதான் முதல் தடவை. அரம் பிடிப்பதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

எட்டாவது கை குப்பைக்குப் போனது. இன்னொரு எட்டாவது வந்தது. அதுவும் கொஞ்சம் சரிவுதான்; அளவுக்குள் இருந்ததால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பன்னிரண்டாவது முடிந்தபோது, அதை வெர்னியரில் வைத்துப் பார்த்த பெரியவர், ஒன்றும் சொல்லாமல் மற்றவற்றோடு சேர்த்துவைத்தார். அவருடைய ஊரில் அதற்குப் பெயர் பாராட்டு.

டாங்கி ஓடிய நாளில் மிளகு காயவைத்த களத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். டாங்கிக்கு ஸ்டியரிங் கிடையாது. இடது, வலது ட்ராக்குகளின் வேகத்தை மாற்றினால் வண்டி திரும்பும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்குப் பெரிய கைதட்டல். “சுடுமா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். “அது ரேடியோ ஆன்டெனாடா. பாட்டுத்தான் வரும்” என்றார் பெரியவர்.

அவர் கண் குழாயில் இல்லை. தரையோடு தரையாகக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். டாங்கி ஒரு பலாக்கொட்டையின் மேல் ஏறியது. முதல் சக்கரம் எழுந்து இறங்கியது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. மேல்தட்டு ஆடவில்லை. ஆவடியில் அத்தனை வருடம் ஒவ்வொரு கையாகப் பொருத்தி அனுப்பியவர், அந்த ஆறும் சேர்ந்து வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் குனிந்து பார்த்தது அன்றுதான்.

சக்கரங்களை மாட்டிய பிறகு அந்தப் பித்தளைக் கைகள் வெளியே தெரிவதில்லை. ஏழு யாருடையவை, ஐந்து யாருடையவை என்று பார்ப்பவர் யாராலும் சொல்ல முடியாது. ஓட்டுநர் மூடியின் கீல் ஒன்று இன்னும் பாக்கி. அதைப் பித்தளையில் செய்வதா, அச்சடிப்பதா என்று கொட்டகையில் இப்போது வாக்குவாதம் நடக்கிறது. பித்தளைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவன் பேரன்.